பதினெட்டு புள்ளி நான்கு

எங்கள் ஓய்வூதியர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் வந்திருந்தது. கால்குலேட்டருக்கு முந்தைய ஸ்லைடு ரூல் காலத்தைப் பற்றி ஓர் இனிமையான நினைவை எழுதித் தர வேண்டுமாம். இளம் பொறியாளர்கள் ஆவலோடு இருக்கிறார்களாம். இருந்தால் இருக்கட்டும், இனிமைக்கு நான் எங்கே போவது? முப்பத்து மூன்று வருட உத்தியோகத்தில் ஸ்லைடு ரூல் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பயம் ஒன்றுதான். அதைத்தான் எழுத முடியும். பிடிக்காவிட்டால் போடாமல் விட்டுவிடுங்கள், எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

நான் ஏரியூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்கு மானாவாரியில் கடலைக்காடு. சேலத்தில் டிப்ளமா படித்தேன். படித்து முடித்த மறு வருடமே, எண்பதுகளின் தொடக்கத்தில், ஏரி, கால்வாய் வேலைகளைப் பார்க்கும் ஒரு துணைக்கோட்ட அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். சித்தேரி மலை ஜன்னலில் தெரியும் ஊர். பெயர் வேண்டாம். அலுவலகம் முழுக்க நான் ஒருத்திதான் பெண். கூப்பிடுவதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பியூன் கொஞ்ச நாள் என்னை "டிராஃப்ட்ஸ்மேன் அம்மா" என்றே கூப்பிட்டார்.

சேர்ந்த முதல் வாரமே என் கையில் ஒரு ஸ்லைடு ரூலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அடி நீள அளவுகோல்; நடுவில் ஒரு பட்டை முன்னும் பின்னும் நகரும்; மேலே ஒரு கண்ணாடித் துண்டு, அதன் நடுவில் மயிரிழைக் கோடு. பட்டையை நகர்த்திக் கோட்டைப் பொருத்தினால் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் விடை வந்துவிடும். மழைக்காலத்தில் பட்டை உப்பிக்கொண்டு நகராது. முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி நகர்த்துவோம். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் போடும் இடமெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணக்கும்.

அதில் இருக்கும் பெரிய வில்லங்கம், அது எண்களைத்தான் காட்டும், புள்ளியைக் காட்டாது. நாற்பத்திரண்டா, நானூற்று இருபதா, நான்கு புள்ளி இரண்டா என்பதை நம் மண்டைதான் வைத்துக்கொள்ள வேண்டும். என்னால் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சோறு தின்ன முடிந்ததில்லை. கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறப்பேன்; இரண்டு வாய் இறங்கியதும் புள்ளி சரியாக வைத்தேனா என்று சந்தேகம் வந்துவிடும். கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன். கிளார்க்குகள் சிரிப்பார்கள். "ரீத்தாம்மா, புள்ளி வெச்சாச்சுங்களா? கோலம் நாங்க போட்டுக்கறோம், போயி சாப்புடுங்க" என்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, கையெழுத்துப் போட்டவள் நானல்லவா.

எங்கள் உதவி செயற்பொறியாளர் முனிரத்தினம் சார். ஓசூர்ப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு பேசுபவர். நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்; அலுவலகத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பதற்றம் வந்தால் மட்டும் மேசையில் விரலைத் தட்டிக்கொண்டு ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தனக்குள் தெலுங்கில் எண்ணுவார். எண்ண ஆரம்பித்துவிட்டால் யாரும் அவர் அறைக்குள் போக மாட்டார்கள்.

அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. எந்த முக்கியமான கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் மற்றவரிடம் பேசக் கூடாது. விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, இரண்டாக மடித்து, அவர் மேசைமேல் இருக்கும் கருங்கல் துண்டுக்கு அடியில் வைக்க வேண்டும். அவர் இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். விடைகள் நெருங்கி இருந்தால் எடுத்துக்கொள்வார். தூரமாக இருந்தால் இரண்டு பேரும் மறுபடி போட வேண்டும். ஒரேயடியாக ஒன்றாக இருந்தாலும் அவருக்குப் பிடிக்காது. ஸ்லைடு ரூலில் முதல் இரண்டு எண்தான் கோட்டில் தெளிவாகத் தெரியும், மூன்றாவது எண் கண் மதிப்பு. ஒருவர் கண்ணுக்கு நான்காகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்கு மூன்றாகவோ ஐந்தாகவோதான் தெரியும். மூன்று எண்ணும் ஒத்துப்போனால், "என்னப்பா, பேசி வெச்சீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டாவது சீட்டு எழுதுபவர் முதுநிலை வரைவாளர் சின்னசாமி. எல்லோருக்கும் சின்னசாமி அண்ணன், எனக்கும்தான். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத அலுவலகம் அது. நான் சேர்ந்த புதிதில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்கு ஓடுவேன். அண்ணன்தான் ஸ்டோர் ரூமை ஒட்டி இருந்த கழிப்பறையைக் காலி பண்ண வைத்து, அதற்குத் தாழ்ப்பாளும் போட வைத்தார். அதற்காக இரண்டு ஓவர்சியர்களோடு சண்டை. "நம்ம வூட்டுப் புள்ளைங்கன்னா இப்படி வுடுவீங்களா?" என்று அவர் கத்தியது தெரு வரைக்கும் கேட்டது. அந்த நன்றி எனக்கு உண்டு.

அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. வெளியில் தெரிந்தால் மருத்துவச் சான்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் மூச்சே விடவில்லை. எனக்கு மட்டும் தெரியும், நாங்கள் அடுத்தடுத்த மேசை. அவர் ஸ்லைடு ரூலைக் கையில் எடுப்பார், பட்டையை இப்படி அப்படி நகர்த்துவார், கண்ணாடியைத் துடைப்பார். பிறகு நான் எழுதும் சீட்டை ஓரக்கண்ணால் பார்ப்பார். நானும் அவருக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதி, மடிப்பதற்குச் சற்று தாமதிப்பேன். அவர் மூன்றாவது எண்ணை மட்டும் ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதிக்கொள்வார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படியே ஒரு வருடம் ஓடியது.

ஐப்பசியில் ஒரு வாரம் சித்தேரி மலையில் விடாமல் மழை. அடிவாரத்தில் இருந்த ஏரியை ஆலங்கரை ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. அந்த ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்தது. கலங்கல் என்பது அதிகத் தண்ணீர் வழிந்து போகக் கட்டிய நாற்பது மீட்டர் நீளக் கற்சுவர். வழிகிற தண்ணீர் ஓடையில் விழுந்து, நடுவில் ஒரு குட்டையை நிரப்பி, பிறகு ஓடைக்கொட்டாய் என்ற சிற்றூரை ஒட்டிப் போகும். ஓடைக்கரையோடு முப்பத்திரண்டு வீடுகள், எல்லாம் மண்சுவர். அந்த இடத்தில் ஓடை நொடிக்கு முப்பது கன மீட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் வந்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான்.

காலை ஒன்பதே முக்காலுக்கு ஏரியின் லஸ்கர் பச்சியப்பன் போஸ்ட் ஆபீஸிலிருந்து போன் செய்தார். மதகையும் கலங்கலையும் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர். மழையில் நனைந்துகொண்டே நாலு மைல் சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

"கலங்கல் மேல புள்ளி ஒம்பது மீட்டரு போவுதுங்க சார். ஒரே மட்டமா நிக்குது, ஏறவுமில்ல, எறங்கவுமில்ல."

அந்த வருடம்தான் ஏரியில் அடிக்கணக்குப் பலகையை எடுத்துவிட்டு மீட்டர் பலகை பொருத்தியிருந்தார்கள். அது பொருத்திய பிறகு ஏரி வழிவது அதுதான் முதல் தடவை. தாசில்தார் ஆபீஸிலிருந்து அதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்: ஓடைக்கொட்டாய் ஜனங்களை ஏற்றுவதா, வேண்டாமா? முனிரத்தினம் சார் எங்களைப் பார்த்து, "போடுங்க" என்றார். விரல் மேசையில் தட்ட ஆரம்பித்திருந்தது.

கணக்கு சின்னதுதான். வழியும் தண்ணீரின் உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், அதைக் கலங்கலின் நீளத்தால் பெருக்க வேண்டும், பிறகு ஒன்று புள்ளி ஏழால். ஸ்லைடு ரூலில் வர்க்கமூலம் பார்க்கிற வரிசை இரண்டு பாதியாக இருக்கும். இரண்டிலும் ஒன்றிலிருந்து பத்து வரை அதே எண்கள். ஒன்பதுக்கு இடப் பாதி, தொண்ணூறுக்கு வலப் பாதி. இடப் பாதியில் ஒன்பதில் கோட்டை வைத்தால் கீழே மூன்று வரும். வலப் பாதி ஒன்பதில் வைத்தால் ஏறக்குறைய ஒன்பதரை வரும். அடிக்கணக்கில் தண்ணீர் இரண்டடி, மூன்றடி, நான்கடி என்றுதான் வரும். எப்போதும் ஒற்றை இலக்கம், எப்போதும் இடப் பாதி. என் கைக்கு அந்தப் பாதியைத் தவிர வேறு தெரியாது.

கோட்டை ஒன்பதில் வைத்தேன். மூன்று. புள்ளி ஒன்பதுக்குப் புள்ளி மூன்று. ஒன்பதுக்கு மூன்று என்பது யாருக்குத்தான் தெரியாது? சந்தேகமே வரவில்லை. மற்றதைப் பெருக்கி, பதினெட்டு புள்ளி நான்கு என்று எழுதினேன். வழக்கம்போல் மடிக்கத் தாமதித்தேன். அண்ணன் பார்த்தார், எழுதினார். இரண்டு சீட்டும் கருங்கல்லுக்கு அடியில் போயின.

சார் பிரித்தார். அதே நேரம் தாசில்தார் ஆபீஸ் போன் மூன்றாவது முறையாக அடித்தது. அவர் இரண்டு சீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "பதினெட்டுங்க. ஓடை முப்பது தாங்கும். ஏத்த வேண்டியதில்லை" என்றார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் மூச்சு வந்தது. பத்து மணிக்கு மழையும் விட்டது, வெயில்கூட எட்டிப் பார்த்தது.

பதினோரு மணி வாக்கில் பதிவேட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். ஏரிகள் மீட்டருக்கு மாறினாலும் அச்சடித்த பதிவேடு அடிக்கணக்கில்தான் இருந்தது. உயரத்தை அடியாக மாற்றி, தண்ணீரைக் கன அடியாக மாற்றி எழுத வேண்டும். புள்ளி ஒன்பது மீட்டர் என்றால் ஏறத்தாழ மூன்று அடி. பதினெட்டு புள்ளி நான்கு கன மீட்டர் என்றால் அறுநூற்று ஐம்பது கன அடி. எழுதிவிட்டேன். கண் தானாக மேல் வரிக்குப் போனது. ஏரி முன்பு எப்போதோ வழிந்தபோது வேறு யாரோ எழுதியது. உயரம் மூன்று அடி. தண்ணீர் இரண்டாயிரத்து நூறு கன அடி. குறிப்பு என்ற கட்டத்தில், கரையோர வீடுகள் காலி செய்யப்பட்டன என்று இருந்தது.

அதே ஏரி, அதே கலங்கல், அதே மூன்று அடி. அப்போது இரண்டாயிரத்து நூறு, இப்போது அறுநூற்று ஐம்பதா?

அந்தப் பழைய எழுத்துக்காரர்தான் தப்பாக எழுதியிருப்பார் என்று மனசு உடனே சொன்னது. மனசுக்கு வேறு என்ன வேலை. ஸ்லைடு ரூலை எடுத்து மறுபடி போட்டேன், பதினெட்டு புள்ளி நான்கு. இன்னொரு தடவை போட்டேன், பதினெட்டு புள்ளி மூன்று. மூன்றாவது தடவையும் அதேதான். கை தடம் மாறாமல் அதே இடப் பாதிக்குப் போய் நின்றது. மூன்று முறை சரியாக வந்ததும் பதிவேட்டை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூடியிருந்தால்?

ஏன் தோன்றியதோ தெரியாது, கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். பென்சிலால், பழைய தேதிக் காகிதத்தின் பின்பக்கத்தில். புள்ளி மூன்றைப் புள்ளி மூன்றால் பெருக்கினால் புள்ளி பூஜ்யம் ஒன்பது. புள்ளி ஒன்பது இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிடித்திருக்கும். புள்ளி ஒன்பது என்பது நூறில் தொண்ணூறு; கோட்டை வலப் பாதியில் வைத்துச் சரியாகப் போட்டேன், ஐம்பத்தெட்டு வந்தது. ஓடை தாங்குவது முப்பது.

"அண்ணே" என்றேன். காகிதத்தை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை, என் முகத்தைப் படித்தார்.

"எவ்வளவும்மா?"

"ஐம்பத்தெட்டுங்கண்ணே. நான் தப்பு பண்ணிட்டேன்."

"ஐயோ மாரியாத்தா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு சீட்டும் ஒத்துப்போச்சே, ரீத்தாம்மா. இப்ப என்னான்னு சொல்றது?" என்றார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எழுந்து சாரின் அறைக்குள் போனேன்.

அவர் ஏதோ கோப்பில் இருந்தார். "சார், கணக்கு தப்புங்க சார். ஐம்பத்தெட்டு" என்றேன். ஏன், எப்படி, யார் என்று ஒன்றும் கேட்கவில்லை. பென்சில் கணக்கை வாங்கி ஒருமுறை பார்த்தார். போனை எடுத்தார். லைன் செத்துக் கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். நடுவில் இருந்த குட்டை நிரம்ப மூன்று மூன்றரை மணி நேரம் ஆகும். ஏரி காலையிலிருந்தே அந்த மட்டத்தில் வழிகிறது. குட்டை எந்த நேரமும் நிரம்பலாம்.

"வாம்மா" என்றார். ஜீப்பில் ஏறினோம்.

ஒன்பது கிலோமீட்டர் மண் ரோடு, சேறு. டிரைவர் இரண்டு இடத்தில் இறங்கிக் கல் போட்டு ஜீப்பை எடுத்தார். நான் பின்சீட்டில் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் சார் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தார். ஊர் கண்ணில் பட்டதும் திரும்பாமலே சொன்னார்: "தண்ணி ஏறிடுச்சுன்னு சொல்லிக்கலாம். கணக்கு கிணக்கெல்லாம் ஜனங்களுக்கு எதுக்கு?" நான் சரிங்க சார் என்றேன்.

ஓடைக்கொட்டாயில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஓடையில் முழங்கால் தண்ணீர். பெண்கள் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் சத்தமாக, ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது, எல்லோரும் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார். ஒருவரும் அசையவில்லை. முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், முனியம்மா என்று பிறகு தெரிந்தது, முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"வெடியக்காலைலயே மேட்டுக்கு ஏறினோமுங்க. யாரு சொல்லியும் ஏறல, ஓடை சத்தத்தைக் கேட்டு நாங்களா ஏறினோம். அப்புறம் தலையாரி வந்தான். ஆபீசுல கணக்குப் போட்டாச்சு, பயமில்ல, எறங்குங்கன்னான். எறங்கினோம். இப்ப வெயிலடிக்குது, நீங்க வந்து ஏறுங்கறீங்க. எங்களுக்கு என்னா, வேற பொழப்பே இல்லீங்களா?"

ஜனங்கள் தாமாகவே ஏறிப் பத்திரமாக இருந்திருக்கிறார்கள். என் சீட்டுதான் அவர்களை இறக்கிக் கொண்டுவந்து ஓடைக்கரையில் வைத்திருக்கிறது.

சார் மறுபடி சொன்னார். ஒரு கிழவர் வானத்தைக் காட்டிச் சிரித்தார். ஒரு வீட்டு வாசலில் பிறந்து எட்டு நாள் ஆன குழந்தையைத் தொடையில் போட்டு ஒரு பெண் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சாரைத் தாண்டி முன்னால் போனேன்.

"தண்ணி ஏறலீங்க. காலைல இருந்தே அவ்வளவுதான் இருக்குது. கணக்குதான் தப்பு. நான்தான் தப்பா போட்டேன். ஓடை தாங்கறது போல ரெண்டு மடங்கு தண்ணி வருது. கும்புட்டுக் கேக்கறேன், ஏறுங்க."

சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

முனியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நீ போட்ட கணக்கா?"

"ஆமாங்க."

"ஒருத்தரு போட்டா இன்னொருத்தரு பாக்கமாட்டீங்களா?"

"ஏறுங்கக்கா, நேரமில்ல" என்றேன். அவள் என்னைக் கண்ணெடுக்காமல் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு திரும்பி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "ஏ புள்ளைங்களா, சட்டி பானையை வுடுங்க, புள்ளகுட்டியைத் தூக்குங்க!" என்று குரல் கொடுத்தாள். அவள் குரலுக்கு ஊர் எழுந்தது. எங்கள் ஜீப்புக்கு எழவில்லை.

பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். வர மாட்டேன் என்ற கிழவரை மகன்கள் கட்டிலோடு தூக்கினார்கள். எட்டு நாள் குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். சின்ன மூட்டைதான், ஆனால் எங்கே போட்டுவிடுவேனோ என்று பயந்து மார்போடு இறுக்கிக்கொண்டேன். அது அழ ஆரம்பித்தது. மேட்டில் சார் தலைகளை எண்ணினார். நூற்று நாற்பத்தொன்று. ஊர்க்காரர்கள் சொன்ன கணக்கு நூற்று நாற்பத்திரண்டு. அவர் மறுபடி எண்ணினார், தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. ஒன்று குறைந்தது. முனியம்மாவின் புருஷன். கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருந்தான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. லாரி வருகிற மாதிரி முதலில் தூரத்தில் இரைந்தது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் திருப்பத்தில் தெரிந்தது. வந்த வேகத்தில் கரையைத் தாண்டித் தெருவுக்குள் ஏறியது. மண்சுவர்கள் கொஞ்ச நேரம் நின்றன, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்தன. முனியம்மா அழவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கத்தில் நிற்கத் துணியவில்லை. குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவன்தான், தோளில் ஆட்டோடு. ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடையைக் கடந்தவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். முனியம்மா அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து என்னிடம் வந்தாள்.

"வூடு போச்சு. உசுரு இருக்குது. அடுத்த தடவையாவது ரெண்டு பேராப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பத்தொன்பது வீடுகள் விழுந்தன. ஜனங்களை ஏன் இறக்கினீர்கள் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. விளக்கம் போய், மேலே பேசி, கடைசியில் ஒரு முடிவு வந்தது. இரண்டு ஊழியர்கள் தனித்தனியே கணக்கிட்டும் ஒரே பிழை நேர்ந்திருப்பதால் குறை ஊழியர்மேல் இல்லை. பழைய கருவியும் புதிய மீட்டர் முறையும் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் எல்லோருடைய ஸ்லைடு ரூல்களையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கால்குலேட்டர்கள் வந்தன. கிளார்க்குகள் கைதட்டினார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. சின்னசாமி அண்ணன் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். எங்கள் பக்கத்தில் ஸ்லைடு ரூல் ஒழிந்த கதை இதுதான், இளம் பொறியாளர்களே.

அந்த முடிவுக்கு ஆதாரமான விளக்கத்தை எழுதியது முனிரத்தினம் சார். வெள்ளம் வந்த மறுநாள் காலை என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் எங்கள் இரண்டு சீட்டையும் பிரித்து வைத்திருந்தார், பக்கத்தில் பக்கத்தில். என் எழுத்தில் பதினெட்டு புள்ளி நான்கு. அண்ணன் எழுத்தில் பதினெட்டு புள்ளி நான்கு. அன்றைய அவசரத்தில் அண்ணன் கடைசி எண்ணை மாற்ற மறந்திருந்தார்.

சார் மூன்றாவது எண்ணின்மேல் விரலை வைத்தார். முதலில் என் சீட்டில், பிறகு அண்ணன் சீட்டில்.

"நேத்தே பாத்திருக்கணும் நான்" என்றார். பிறகு, "தனித்தனியாத்தானேம்மா போட்டீங்க?" என்று கேட்டார்.

கதவுக்கு வெளியே அண்ணன் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் இருமல் கேட்டது. நேற்று முனியம்மா கேட்டதும் இதே கேள்விதான். அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டேன். இவருக்குச் சொல்லியாக வேண்டும்.

"ஆமாங்க சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்து, இருவரும் தனித்தனியே கணக்கிட்டனர் என்று எழுதினார். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா."

ஒரு புள்ளிக்காகச் சோற்றை விட்டுவிட்டு ஓடியவள் நான். அன்று படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.